ராஜா வீட்டுக் கல்யாணத்தை நம் வீட்டுச் சுவருக்குக் கொண்டு வந்தவர்



நம் நாவலூரில் வீடு மாறி வருபவர்களும் போகிறவர்களும் அதிகம். ஒவ்வொரு முறை லாரியில் சாமான் ஏற்றும்போதும் பழைய சாமி படங்கள் சில பின்தங்கிவிடுகின்றன. புது வீட்டில் பூஜை அறை சின்னது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது என்று காரணம் பல. தூக்கிப் போட மனம் வராமல் கோயில் அரச மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் படங்களில் பாட்டி காலத்து ரவி வர்மா படம் ஒன்று இருந்தாலும் இருக்கும். அதனால்தான் இந்த இதழில் அவருடைய வாழ்க்கையை எழுத நினைத்தேன். லட்சுமி, சரஸ்வதி படங்களைப் பற்றிப் பலருக்கும் தெரியும். நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒரு பழைய ராஜ கல்யாணத்தின் படம் கவர்னர் கைக்குப் போய், பிறகு சாதாரண வீட்டுச் சுவருக்கு வந்த கதையை.

கல்யாணக் காட்சி நமக்குப் புதிதல்ல. பக்கத்திலேயே திருவிடந்தையில் தினமும் ஒரு கல்யாணம் செய்துகொண்ட நித்யகல்யாணப் பெருமாள் இருக்கிறார். மாலை சாத்தி வேண்டிக்கொள்ள எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஆனால் கோயிலில் பார்ப்பதை வீட்டுக்கு எடுத்து வந்து, சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளும் வழக்கம் அவ்வளவு பழையதில்லை. நூற்று முப்பது வருஷ வழக்கம் என்று சொல்லலாம். அதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர்களில் முதன்மையானவர் ரவி வர்மா.

கிளிமானூர் பையன்

1848 ஏப்ரல் 29 அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூர் அரண்மனையில் ரவி வர்மா பிறந்தார். தந்தை நீலகண்டன் பட்டதிரிப்பாடு சமஸ்கிருத பண்டிதர். தாயார் உமயாம்பா தம்புராட்டி கவிதை எழுதுபவர். அந்த அம்மாள் எழுதிய நூலின் பெயரே பார்வதி சுயம்வரம். தாயார் காலமான பிறகு மகன்தான் அதை அச்சிட்டு வெளியிட்டார். தெய்வங்களின் கல்யாணக் கதை அந்த வீட்டில் சோறு தண்ணீர் போல இருந்திருக்கிறது.

பையன் சுவரில் கிறுக்குவதைக் கண்டிக்காமல் கற்றுக்கொடுத்தவர் மாமா ராஜராஜ வர்மா. அவருக்குத் தெரிந்தது தஞ்சாவூர்ப் பாணி. பதினான்கு வயதில் மாமா அவரைத் திருவனந்தபுரம் அழைத்துப் போனார். அப்போது ஆட்சியில் இருந்தவர் ஆயில்யம் திருநாள் மகாராஜா. பையனின் கையைப் பார்த்துவிட்டு, இங்கேயே தங்கிக் கற்றுக்கொள்ளட்டும் என்றார்.

தங்க இடம் கிடைத்ததே தவிர, கற்றுக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. எண்ணெய் வண்ணம் அப்போது நம் பக்கத்துக்குப் புதிது. அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கருக்கு அந்த வித்தை தெரியும், ஆனால் சொல்லித்தர விருப்பமில்லை. அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை என்பவர்தான் இரவு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொடுத்தார். பிறகு 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்றுத்தரவில்லை. தான் வரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் சம்மதித்தார். ரவி வர்மா பார்த்தே கற்றுக்கொண்டார். வித்தையை மூடி வைத்தவர்களிடம் கற்ற ஒருவர், பின்னாளில் தன் வித்தையை ஊருக்கே திறந்துவிட்டார் என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கிடையில் 1866-ல் அவருக்கே ராஜ வம்சத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. மனைவி பாகீரதி பாய், மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பெண், வயது பன்னிரண்டு. அவருடைய சகோதரிகள் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்து போனவர்கள். பின்னாளில், 1900-ல், ரவி வர்மாவின் பேத்திகள் இருவரும் அதே குடும்பத்துக்குத் தத்து போய் ராணிகள் ஆனார்கள்.

சென்னை கொடுத்த பெயர்

ரவி வர்மாவுக்கு முதலில் பெயர் வாங்கிக் கொடுத்த ஊர் நம் சென்னை. 1873-ல் சென்னையில் நடந்த நுண்கலைக் கண்காட்சிக்கு, கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண் படத்தை அனுப்பினார். தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே படம் வியன்னா கண்காட்சியிலும் பரிசு பெற்றது. மறுவருஷம் வாத்தியம் வாசிக்கும் தமிழ்ப் பெண்ணின் படத்துக்கும் சென்னையில் தங்கப் பதக்கம்.

1876-ல் அவர் அனுப்பிய படம்தான் இந்தக் கட்டுரைக்கு மையம். சகுந்தலை புல்தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு தாமரை இலையில் துஷ்யந்த ராஜாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். பக்கத்தில் தோழிகள். அப்போது சென்னை கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபு அந்தப் படத்தை விலைக்கு வாங்கிவிட்டார். பிறகு மோனியர் வில்லியம்ஸ் என்ற சமஸ்கிருத அறிஞர், தன் சாகுந்தல ஆங்கில மொழிபெயர்ப்பில் இதை முகப்புப் படமாக அச்சிட்டார்.

சகுந்தலை கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் இரண்டு வரியில் நினைவுபடுத்துகிறேன். வேட்டைக்கு வந்த ராஜா ஆசிரமத்துப் பெண்ணைப் பார்க்கிறார். கந்தர்வ விவாகம். மேளம் இல்லை, பந்தல் இல்லை, சாட்சி இல்லை. கையில் ஒரு மோதிரம்தான் மிச்சம். துர்வாசர் சாபத்தால் ராஜாவுக்கு எல்லாம் மறந்துவிடுகிறது, மோதிரமும் தண்ணீரில் விழுந்துவிடுகிறது. கடைசியில் ஒரு மீனவர் பிடித்த மீனின் வயிற்றில் மோதிரம் கிடைக்கிறது. அரண்மனையில் யாரும் நம்பாத ஒரு கல்யாணத்துக்கு மீனவர் கொண்டு வந்த மோதிரம்தான் சாட்சியாகிறது. நம் கோவளம், முட்டுக்காடு பக்கத்து ஆட்களுக்கு இந்த இடம் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.

இந்தக் கல்யாணம் நடந்த நிமிஷத்தை விட்டுவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரங்களையே ரவி வர்மா திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டார். கடிதம் எழுதும் சகுந்தலை, காலில் முள் தைத்ததாகப் பாவனை செய்து திரும்பிப் பார்க்கும் சகுந்தலை, சிங்கக் குட்டியோடு விளையாடும் மகன் பரதன். அதனால்தான் பார்க்கிறவர் அந்தப் பெண்ணுக்காகக் கவலைப்படுகிறார். கதை தெரிந்தவருக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்ற பதைப்பு வருகிறது.

ராஜ கல்யாணங்களும் பரோடா அரண்மனையும்

1880-ல் ஆயில்யம் திருநாள் காலமானார். அடுத்து வந்த மகாராஜாவோடு ரவி வர்மாவுக்கு ஒத்துப்போகவில்லை. திருவனந்தபுரத்தை விட்டு வெளியேறினார். அந்த நேரத்தில் கைகொடுத்தவர் சர் டி. மாதவ ராவ். கும்பகோணத்தில் பிறந்து, சென்னையில் படித்து, திருவிதாங்கூருக்கும் பிறகு பரோடாவுக்கும் திவானாக இருந்தவர். 1881-ல் பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் முடிசூடிய விழாவுக்கு ரவி வர்மாவை அழைத்தவர் அவரே.

1888-ல் ஊட்டியில் சாயாஜிராவ் ரவி வர்மாவைச் சந்தித்து, புராணக் காட்சிகளாகப் பதினான்கு படங்கள் வேண்டும் என்றார். பேசிய தொகை ஐம்பதாயிரம் ரூபாய். ரவி வர்மாவும் தம்பி ராஜராஜ வர்மாவும் உடனே வரைய உட்காரவில்லை. வட இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். தமயந்திக்கும் சுபத்திரைக்கும் என்ன உடை போடுவது என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கட்டு. கடைசியில் புடவை என்று முடிவு செய்தார்கள். இன்று காலண்டரில் பார்க்கும் தெய்வமெல்லாம் புடவையில் இருப்பதில் அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

பதினான்கில் பலவும் ராஜ விவாகத்தைச் சுற்றியவை. நளனும் தமயந்தியும், அர்ஜுனனும் சுபத்திரையும், சந்தனு ராஜாவும் கங்கையும், அதே சந்தனு படகோட்டிப் பெண் மச்சகந்தியிடம் பெண் கேட்டு நிற்பதும் அவற்றில் உண்டு. 1890-ல் வேலை முடிந்ததும் படங்கள் திருவனந்தபுரத்திலும் பரோடாவிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். அதன் பிறகு படங்கள் அரண்மனைக்குள் போய்விட்டன. பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சிக்கலே இங்கேதான். எல்லோருக்கும் தெரிந்த கதை, எல்லோருக்கும் பிடித்த படம், ஆனால் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் ராஜா வீட்டில்.

இதற்கு வழி சொன்னவரும் மாதவ ராவ்தான். ஒரு மனிதர் இரண்டு கையால் எத்தனை படம் வரைய முடியும், நல்ல படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டு வாங்கினால் நாட்டுக்கே பயன்படுமே என்று யோசனை சொன்னார். ரவி வர்மா அதற்கு ஒரு படி மேலே போய், அச்சகத்தையே இங்கே கொண்டு வந்தார். மாதவ ராவ் 1891-லேயே காலமாகிவிட்டதால் அதைப் பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஐரோப்பாவில் முன்பே நடந்தது

ஓவியத்தை அச்சில் பரப்புவது உலகத்துக்குப் புதிதல்ல. அலெக்சாண்டர் கி.மு. 327-ல் ரொக்சானா என்ற பெண்ணை மணந்தார். அந்தக் கல்யாணத்தை ஏட்டியன் என்ற கிரேக்க ஓவியர் வரைந்தார். அந்த ஓவியம் அழிந்துவிட்டது. அது எப்படி இருந்தது என்று லூசியன் என்ற எழுத்தாளர் எழுதி வைத்த வர்ணனை மட்டும் மிஞ்சியது. ஆயிரம் வருஷங்களுக்கு மேல் கழித்து இத்தாலியில் அதைப் படித்து மறுபடி வரைந்தார்கள். ரபேல் அதற்கு மாதிரிப் படம் போட்டார். சோதோமா என்ற ஓவியர் 1519 வாக்கில் ரோமில் ஒரு பெரிய மாளிகையின் படுக்கையறைச் சுவரில் அதே கல்யாணத்தைத் தீட்டினார். பெரிய பணக்காரரின் படுக்கையறையை ஊரில் யார் பார்க்க முடியும்? ரபேலின் மாதிரியைச் செப்புத் தகட்டில் செதுக்கி, மை தடவித் தாளில் அச்சிட்டார்கள். அந்தத் தாள்கள்தான் ஊர் ஊராகப் போயின. ரபேலின் பெயர் அவர் கால் வைக்காத ஊர்களிலும் பரவியதற்கு இந்த அச்சுத் தாள்கள் ஒரு முக்கியக் காரணம். ரவி வர்மா செய்ததும் இதே காரியம். வித்தியாசம், அங்கே ஒரு நிற மை, இங்கே பல வண்ணம்.

கல்லில் அச்சான கல்யாணம்

1894-ல் பம்பாய் கிர்காவ் பகுதியில் ரவி வர்மா அச்சகம் தொடங்கியது. இயந்திரங்களும் தொழில் தெரிந்தவர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். முதலில் அச்சான படம் சகுந்தலையின் பிறப்பு.

இது கல்லச்சு முறை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் பிசுக்குள்ள மையால் படத்தை வரைவார்கள். கல்லை நனைத்தால் வெற்றிடத்தில் தண்ணீர் நிற்கும், பிசுக்கு உள்ள இடத்தில் நிற்காது. அச்சு மையைத் தடவினால் அது பிசுக்கில் மட்டும் ஒட்டும். ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். எத்தனை வண்ணமோ, அத்தனை முறை அதே தாளை இம்மி பிசகாமல் பொருத்தி அச்சிட வேண்டும். கொஞ்சம் நகர்ந்தால் சகுந்தலையின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். கடைசியில் வார்னிஷ் பூசுவார்கள். எண்ணெய் ஓவியம் போலவே பளபளக்கும்.

அந்தத் தாள் எங்கெல்லாம் போனது என்பதுதான் முக்கியம். அந்தக் காலத்தில் நம் மக்களில் பெரும் பகுதியினர் கோயிலுக்குள் நுழையவே முடியாது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936-ல். மதுரை மீனாட்சி கோயிலில் எல்லோரும் நுழைய முடிந்தது 1939-ல். அதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே ரவி வர்மா அச்சகத்து லட்சுமியும் சரஸ்வதியும் கடைக்கு வந்துவிட்டார்கள். காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், யார் வீட்டுச் சுவரிலும் மாட்டலாம், கும்பிடலாம். இடையில் நின்று தடுக்க ஆள் இல்லை. ரவி வர்மா இதை ஒரு போராட்டமாக நினைத்துச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி ஆனது. சகுந்தலையும் தமயந்தியும் அதே தாளில், அதே வழியில் வீடுகளுக்குள் வந்தார்கள். தமிழ்நாட்டு வீடுகளில் பெண்கள் அந்தப் படங்களின் மேல் ஜரிகையும் சம்கியும் ஒட்டி, துணியில் புடவை கட்டி அழகு பார்த்தார்கள். சில பழைய வீடுகளில் இன்றும் காணலாம்.

கணக்குப் புத்தகம் சொன்னது

வங்கியில் வேலை பார்த்தவனுக்கு ஒரு தொழிலின் கதையில் கணக்குப் பக்கத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. படங்கள் நாடெங்கும் போயின. அச்சகம் நஷ்டத்தில் போயிற்று.

இயந்திரம், கல், மை, கைதேர்ந்த ஆட்களின் சம்பளம் எல்லாமே முன்கூட்டிப் போட வேண்டிய பணம். விற்ற படத்துக்கான பணம் எப்போது வந்து சேரும் என்பது வேறு விஷயம். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. ஊரே காலியானது. ஆட்கள் இல்லாமல் அச்சகம் என்ன செய்யும்? பிறகு லோனாவாலாவுக்குப் பக்கத்தில் மலவலி என்ற இடத்துக்கு அச்சகத்தை மாற்றினார்கள். கடன் குறையவில்லை. நிர்வாகத்தைத் தலையில் சுமந்த தம்பி ராஜராஜ வர்மாவும் நல்ல ஓவியர்தான். ஆனால் அண்ணன் தம்பி இருவருமே வியாபாரிகள் இல்லை. ஒரு பக்கம் படம் வரைந்து சம்பாதித்து, அதை மறுபக்கம் அச்சகத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். 1901-ல், அங்கே தொழில்நுட்பம் பார்த்த ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கு அச்சகத்தை விற்றுவிட்டார்கள். படங்களை அச்சிடும் உரிமையும் அதோடு போயிற்று.

ஷ்லைஷர் அதை லாபகரமாக நடத்தினார். அவருக்குப் பின்னும் அச்சகம் பல வருஷம் ஓடியது. 1972-ல் தீ விபத்தில் அழிந்தது. இந்திய சினிமாவின் தந்தை என்கிறோமே, தாதா சாகேப் பால்கே, அவரும் இளமையில் இந்த அச்சகத்தில் வேலை பார்த்தவர். 1913-ல் அவர் எடுத்த ராஜா ஹரிச்சந்திராவும் ஒரு ராஜா ராணி கதை.

வரவு செலவு மட்டும் பார்த்தால் ரவி வர்மா தோற்றவர். ஆனால் மூலப்படம் ஒன்றுக்கு ராஜாக்கள் ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருந்த நேரத்தில், மலிவுப் பிரதி போட்டால் மூலத்தின் மதிப்பு குறையும் என்று அவர் பயப்படவில்லை. அப்படி அவர் பயந்திருந்தால் நஷ்டமும் வந்திருக்காது, நம் வீடுகளுக்குப் படமும் வந்திருக்காது.

கடைசி வருஷங்கள்

1904-ல் பிரிட்டிஷ் அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1905 தொடக்கத்தில் தம்பி ராஜராஜ வர்மா காலமானார். வாழ்நாள் முழுக்கக் கூடவே இருந்து, கூடவே வரைந்தவர். அந்த இழப்பிலிருந்து ரவி வர்மா மீளவில்லை. 1906 அக்டோபர் 2 அன்று அவரும் போனார். வயது 58.

அவர் போன பிறகு விமர்சனங்கள் வலுத்தன. ஐரோப்பியரைப் பார்த்து வரைந்தவர், காலண்டர் ஓவியர், நாடக மேடை போல இருக்கிறது என்று வங்காளத்துக் கலைஞர்கள் ஒதுக்கினார்கள். தெய்வம் என்றால் சிவந்த நிறம், இன்ன முகஜாடை என்று நம் கண்ணைப் பழக்கிவிட்டார் என்பது இன்னொரு குறை. இதில் நியாயம் இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் 1979-ல் இந்திய அரசு அவருடைய ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்து, வெளிநாட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று விதித்தது.

நம் வீட்டில் இருக்கிறதா?

வீட்டில் பழைய படம் இருந்தால் தூக்கி வைக்கும் முன் சில விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் படத்தின் அடி விளிம்பு. ரவி வர்மா அச்சகம் என்ற பெயரோ, லோனாவாலா, கார்லா, மலவலி போன்ற ஊர்ப் பெயரோ ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கலாம். சட்டத்துக்குள் மறைந்தும் இருக்கும். அடுத்து, ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இந்தக் காலத்து அச்சில் புள்ளிகள் வரிசை வரிசையாக, கட்டம் போட்டது போல இருக்கும். கல்லச்சில் கையால் வைத்த புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறி இருக்கும். அப்படி இருந்தால் அது பழையது.

ஈரத் துணியால் துடைக்காதீர்கள். கண்ணாடியில் தாள் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். வெயில் படும் சுவரும் குளியலறையை ஒட்டிய சுவரும் ஆகாது. நம் பக்கம் கடல் காற்று, ஈரப்பதம் அதிகம். சட்டத்தின் பின்பலகை சுவரில் ஒட்டாமல் சற்று இடைவெளி விட்டு மாட்டினால் பூஞ்சை பிடிக்காது. உங்களுக்கு வேண்டாம் என்றால் மரத்தடியில் வைக்கும் முன் உறவினரிடமோ, நம் குடியிருப்பிலேயே வேண்டும் என்பவரிடமோ கேட்டுப் பாருங்கள்.

மூல ஓவியத்தைப் பார்க்க வேண்டும் என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத் தொகுப்பில் ரவி வர்மாவின் படங்கள் உண்டு. எந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று முன்பே கேட்டுக்கொண்டு போவது நல்லது. விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், பத்துப் பேர் சேர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். பஸ்ஸில் போகும்போதே சகுந்தலை கதையைச் சொல்லிவிடலாம்.